நாலாம் படி

பறித்த பிச்சிமொட்டைச் சாக்கு அவிழ்த்த சூட்டோடு ஐஸில் வைத்தால் காம்போரம் கருகிவிடும். தீயில் பட்ட மாதிரியே கருகும். குளிர்தான் சுட்டது என்று சொன்னால் வெளியூர்க்காரன் நம்பமாட்டான். அதனால் தோவாளைச் சந்தையில் பெட்டி கட்டுகிறவர்கள் மொட்டை முதலில் நனைந்த சாக்கில் பரத்தி ஆறவிடுவார்கள். சூடு இறங்கியதும் ஐஸுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம். பிறகு வாழையிலையில் சுற்றி, காகிதம் போர்த்தி, தெர்மோகோல் பெட்டிக்குள் ஐஸுக்கு நடுவே இறக்கி ஒட்டினால், சாயங்காலம் துபாயில் ஒரு பெண் பிள்ளை திறந்து பார்க்கும்போதும் மொட்டு மொட்டாகவே இருக்கும். படிப்படியாக ஆற்ற வேண்டும், அவ்வளவுதான் தொழில். தாணுவுக்கு இது ஒன்று நன்றாகத் தெரியும். வேறு எதுவும் தெரியாது என்பது மட்டும் தெரியாமல் போனதால்தான் இந்தக் கதை.

தாணுவுக்கு முப்பத்தொன்பது வயது. இருபது வருஷமாகப் பெட்டி கட்டுகிறான். மனைவி சபிதா அயர்லாந்தில் கால்வே என்கிற ஊரில் நர்ஸ். போய் ஒன்றரை வருஷமாகிறது. மகள் அஞ்சலிக்கு ஒன்பது வயது, நாலு வயதிலிருந்து மூச்சிளைப்பு. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள தாணுவின் அக்கா செல்லத்தாய் வீட்டோடு இருக்கிறாள். ஆடி பிறந்த வாரத்தில் அப்பனுக்கும் மகளுக்கும் விசா வந்துவிட்டது. ஓணத்துக்குப் பூ ஏற்றி முடித்த கையோடு புறப்பட வேண்டியது. டிக்கெட்டும் போட்டாயிற்று.

விசா வந்த அன்று செல்லத்தாய் பருப்புப் பாயசம் வைத்தாள். மணம் பிடித்து எதிர்வீட்டுத் தங்கப்பன் அண்ணன் வந்து சேர்ந்தார். குவைத்தில் பதினெட்டு வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்தவர். உலகத்தில் எந்த நாட்டுக் காற்றைப் பற்றியும் அவரிடம் ஒரு கருத்து தயாராக இருக்கும். தனக்கு ஊரில் இருந்தவரை ஒரு தும்மல்கூடக் கிடையாது என்றும், குவைத்தில் மணல்காற்று அடித்த முதல் வருஷமே இளைப்பு பிடித்தது என்றும், திரும்பி வந்து நம்மூர் ஆடிக்காற்றில் ஒரு வாரம் நின்றதும் வந்த வழியே போய்விட்டது என்றும் சொன்னார். அதோடு நிறுத்தியிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும்.

“என்கூட வேலை பாத்த ஒருத்தன், நம்ம கருங்கல் ஊருப் பக்கம், அவனும் இளைப்புக்காரன்தான். குவைத்த விட்டு கனடாவுக்குப் போனான். மொதப் பனிக்கு கதவைத் தொறந்து வெளிய ஒரு காலு வச்சான் பாத்துக்க. இழுத்த மூச்சு அங்கினயே நின்னுட்டு.”

சொல்லிவிட்டு அவர் டம்ளரை எடுத்தார். அடியில் கிடந்த முந்திரிப்பருப்பை விரல்விட்டுத் தேடித் தேடித் தின்றார்.

“பொறவு?” என்றான் தாணு.

“பொறவு எனக்குத் தெரியாது மக்கா. நம்பர் மாறிப்போச்சு.”

அந்தக் கருங்கல்காரன் நம்பரை மாற்றிக்கொண்டானா, இல்லை நம்பரே வேண்டாத இடத்துக்குப் போய்விட்டானா என்பது தாணுவைப் பிடித்துக்கொண்டது. சந்தையில் கூடப் பெட்டி கட்டுகிற மரியஜானிடம் சொன்னபோது அவர் சிரித்தார். அவர் தங்கச்சி மகளுக்கு இங்கே வருஷம் முழுக்க இழுப்பு, லண்டனுக்குப் போய் இரண்டே வருஷத்தில் மூச்சுக்கு இழுக்கிற பம்பைக் குப்பையில் போட்டுவிட்டாளாம். நாடு மாறினால் சிலருக்குப் போகும், சிலருக்குக் கூடும், போய்ப் பார்த்தால்தான் தெரியும் என்றார். தாணு இரண்டு கதையையும் கேட்டான். வீட்டுக்கு வரும்போது லண்டன்காரி பாதி வழியிலேயே பஸ்ஸைவிட்டு இறங்கிவிட்டாள், கனடாக்காரன் மட்டும் கூட வந்தான்.

அவன் பயந்தது யாருக்கும் தெரியாது. தெரியும்படி அவன் நடந்துகொண்டதும் இல்லை. எதைச் சொன்னாலும் அது தமாஷாக வெளியே வருகிற வாய் அவனுக்கு. சபிதாவிடம் வீடியோவில், “அங்கின வந்து பிள்ளைய பிரிட்ஜுக்குள்ள வச்சு வளக்கணும் போல,” என்றான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஜன்னலைத் திருப்பிக் காட்டினாள். சும்மா மழைதான் பெய்துகொண்டிருந்தது. மார்கழியில் பேச்சிப்பாறை அணை மேல் நிற்கிற குளிர், அதைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான் என்றாள். வீட்டுக்குள்ளே ஹீட்டர் உண்டு, தடுப்பு மருந்துள்ள தவிட்டு நிறப் பம்பை மட்டும் இரண்டு நேரமும் விடாமல் அடித்துக் கொண்டு வா, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். தாணுவின் காதில் ‘கொஞ்சம் கூட’ என்பது மட்டும் விழுந்தது. எவ்வளவு கூட என்று கேட்கப் போனான். கேட்டால் அதுவும் தமாஷாகிவிடும் என்று விட்டுவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அஞ்சலி தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, அவள் நெஞ்சு ஏறி இறங்குவதைச் சுவர்க் கடிகாரத்தின் முள்ளோடு ஒத்துப் பார்ப்பான். வெளியே ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று தென்னைகளைத் தலைமயிரைப் பிடித்து உலுக்குவது போல உலுக்கும். இந்தக் காற்றே இவளைப் படுத்துகிறதே, அந்தக் காற்று என்ன செய்யும்? முள் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் இருபத்திரண்டு மூச்சு. மறுபடி எண்ணினால் இருபத்துநாலு. எண்ணுகிறவன் பயந்தால் கணக்கும் பயப்படும்தானே.

ஒரு நாள் விடிந்து வெயில் ஏறுகிற நேரம், சந்தையில் நனைந்த சாக்கின் மேல் மொட்டைப் பரத்திக்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. மொட்டை ஆற்றுகிற மாதிரி பிள்ளையையும் ஆற்றினால் என்ன? தோவாளைச் சூட்டோடு கொண்டுபோய்ப் பொத்தென்று அயர்லாந்தில் வைத்தால்தானே கருகும்? கையில் இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. படிப்படியாகக் குளிருக்குக் கொண்டு போனால் நெஞ்சு பழகிவிடும். பழகவில்லை என்றால் அதுவும் இங்கேயே தெரிந்துவிடும். தெரிந்தால் சபிதாவிடம் சொல்லி எல்லாவற்றையும் நிறுத்திவிடலாம்.

ஒரு தெர்மோகோல் மூடியில் ஸ்கெட்ச் பேனாவால் நாலு படி வரைந்து அடுக்களைச் சுவரில் ஆணியடித்து மாட்டினான். ஒன்றாம் படி, வெந்நீரை நிறுத்திப் பச்சைத்தண்ணீர்க் குளியல், முழு வேகத்தில் மின்விசிறி. இரண்டாம் படி, நாகர்கோவிலில் ஏசி வைத்த நகைக்கடை. மூன்றாம் படி, சந்தையில் பெட்டி கட்டுகிற அறையில் ஐஸ் கட்டிக்குப் பக்கத்தில் இருப்பு. நாலாம் படி, சின்னமுட்டம் துறைமுகத்தில் பெனிட்டோவின் ஐஸ் பிளாண்ட். பெனிட்டோ மீனுக்கு ஐஸ் போடுகிறவன். சந்தைக்கும் அவன் வண்டியில்தான் ஐஸ் வரும்.

“நாலும் பாஸானா அயர்லாந்து,” என்றான் தாணு.

அஞ்சலி பேனாவை வாங்கி நாலாம் படிக்கு மேலே வெள்ளை நர்ஸ் தொப்பி வைத்த ஒரு பொம்பிளையை வரைந்தாள். கை இரண்டும் வளையம் வளையமாக நீண்டு கீழே வந்தது.

தவிட்டுப் பம்பு விஷயமும் அந்த வாரத்தில்தான் ஆரம்பித்தது. பம்பு பழகிப்போனால் நெஞ்சு சோம்பேறி ஆகிவிடும், பிறகு சாகிறவரைக்கும் அதுதான் என்று செல்லத்தாய் வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். தாணுவுக்கும் அது நியாயமாகப் பட்டது. நிமிஷத்துக்கு நிமிஷம் தண்ணீர் தெளித்த பூ பெட்டிக்குள் நிற்காது, அழுகிவிடும். இரண்டு நேரம் ஒரு நேரமாயிற்று. ஒரு நேரம் ஒன்றுவிட்டு ஒரு நாளாயிற்று. மூன்றாம் வாரத்தில் நின்றுபோயிற்று. இழுப்பு வந்தால் அடிக்கிற நீலப் பம்பை மட்டும் தாணு சட்டைப்பையில் வைத்திருந்தான். அதையும் விடுகிற அளவுக்கு அவனுக்குத் தைரியம் கிடையாது.

சபிதா தினமும் கேட்பாள், பம்பு அடிச்சியா என்று. “அடிச்சேன்மா,” என்பாள் அஞ்சலி. அம்மாவுக்கு இது ஒரு சர்ப்ரைஸ் என்று தாணு சொல்லி வைத்திருந்தான். போனை வைத்ததும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள்.

ஒன்றாம் படி பாஸ். நகைக்கடைக்கு மூன்று சனிக்கிழமை போனார்கள். முதல் தடவை விற்பனைக்காரன் நெக்லஸாக எடுத்துப் பரத்தினான், ஜூஸ் கொடுத்தான். இரண்டாம் தடவை தண்ணீர் கொடுத்தான். மூன்றாம் தடவை, “அண்ணே, அக்காவையும் கூட்டிட்டு வாருங்க,” என்றான். அவ அயர்லாந்துல இருக்கா, வந்ததும் கேட்டுச் சொல்லுகேன் என்றான் தாணு. மாடிக்கு ஏறும்போது நடுப்படியில் நின்று, “அப்பா, செருப்பு வாரு களந்துட்டு,” என்று அஞ்சலி குனிந்து கொஞ்ச நேரம் கட்டிக்கொண்டிருந்தாள். தாணு கைப்பிடியில் சாய்ந்து கீழே இருந்த கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். இரண்டாம் படி பாஸ்.

மூன்றாம் படியில் பெட்டிக்காரர்கள் எல்லோரும் அவளுக்குக் கூட்டு. காலையில் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஐஸ் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்த்தி, ஒன்றாம் நாள் கால் மணி, பிறகு அரை மணி என்று வைத்தார்கள். குளிருதா மக்களே என்று யார் கேட்டாலும் இல்லை என்று தலையை ஆட்டினாள். பாட்டுப் பாடச் சொன்னால் முன்பெல்லாம் பாடுவாள், இப்போது வெட்கம் வந்துவிட்டது போல. திரும்பும்போது சந்தை வாசல் மேட்டில் ஒரு தடவை செருப்பு வார் கழன்றது. நல்ல செருப்பு ஒன்று வாங்கணும் என்று தாணு நினைத்துக்கொண்டான். மூன்றாம் படி பாஸ். மூடியில் சிவப்பில் ஒரு டிக்.

ஆவணி பிறந்த இரண்டாம் வாரம் ஒரு நாள் நாலாம் படி. பள்ளிக்கூடம் லீவு. செல்லத்தாய் காலையில் பயறும் கஞ்சியும் வைத்து, தேங்காய்ச் சம்மந்தி அரைத்துக் கொடுத்தாள். இரண்டு கரண்டி குடித்துவிட்டு அஞ்சலி வயிறு நிறைந்துவிட்டது என்றாள். சபிதா ஊருக்கு வந்த ஒரு கூட்டுக்காரி வழியாகக் கொடுத்துவிட்டிருந்த ரோஸ் ஜாக்கெட்டையும் முழங்கால் வரைக்கும் வருகிற மழை பூட்ஸையும் போட்டுக்கொண்டு, ஐஸ் வண்டியில் இரண்டு பேருக்கும் நடுவே ஏறி உட்கார்ந்தாள்.

வண்டி கொட்டாரம் தாண்டும்போது பெனிட்டோ கேட்டான்.

“லேய் தாணு, இது சரியா வருமா?”

“பைய ஆத்துனா எல்லாம் பழகும் மக்கா. பூவே பழகுது.”

“எங்க மீனும் ஐஸுக்கு நல்லாத்தான் பழகிக் கிடக்கு,” என்றான் பெனிட்டோ. “ஒண்ணும் மூச்சு விடல, பாத்துக்க.”

தாணு சிரித்தான். நல்ல தமாஷ் என்று பட்டது. பெனிட்டோ சிரிக்கவில்லை. ஐந்து நிமிஷம்தான், அதற்கு மேல் ஒரு நொடி விடமாட்டேன் என்று சொல்லிவிட்டு வண்டியை ஓட்டினான்.

துறைமுகத்தில் காற்று உப்பையும் மீன் வாடையையும் வாரி முகத்தில் அடித்தது. விசைப்படகுகள் வந்துவிட்ட நேரம். பெண்கள் கூடைகளோடு ஏலத்துக்கு நின்றுகொண்டிருந்தார்கள். ஐஸ் பிளாண்டுக்குள் மெஷின் ஓடுகிற இரைச்சல், அதோடு மூக்கில் ஊசியாகக் குத்துகிற ஒரு வாடை. ஐஸ் உறைய வைக்கிற வாயு கொஞ்சம் கசியும், வேலை பார்க்கிறவர்களுக்கு அது தெரியவே தெரியாது என்றான் பெனிட்டோ. ஆளுயரக் கட்டிகளை அடுக்கி வைத்திருந்த அறையின் கனத்த கதவை இழுத்துத் திறந்தான். வெள்ளைப்புகை தரையோடு தவழ்ந்து வெளியே வந்து அஞ்சலியின் பூட்ஸைச் சுற்றிக்கொண்டது.

“அயர்லாந்து,” என்றான் தாணு. “விசா கேக்க மாட்டான், வா.”

உள்ளே போய் நின்றார்கள். பெனிட்டோ வாசலில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். தாணுவுக்குப் பல் தந்தியடித்தது. பிள்ளை நேராக நின்றாள். கைகளை ஜாக்கெட் பைக்குள் விட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி உதட்டை இறுக்கிச் சிரித்துக்கொண்டு நின்றாள். ஒரு நிமிஷம். இரண்டு. தாணுவுக்கு நெஞ்சில் இத்தனை நாள் உட்கார்ந்திருந்த கருங்கல்காரன் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு புறப்படுகிற மாதிரி இருந்தது.

மூன்றாவது நிமிஷத்தில் அஞ்சலி சொன்னாள்:

“அப்பா. செருப்பு. வாரு.”

குனிந்தாள்.

தாணு அவள் காலைப் பார்த்தான். மழை பூட்ஸ். முழங்கால் வரைக்கும் ஒரே ரப்பர். அதில் வாரும் கிடையாது, கயிறும் கிடையாது. பிள்ளையின் விரல்கள் ஒன்றுமில்லாத இடத்தில் எதையோ கட்டிக்கொண்டிருந்தன. குனிந்த முதுகு ஜாக்கெட்டுக்குள் தூக்கித் தூக்கிப் போட்டது.

அவளை வாரித் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினான். வெயிலில் போட்டு ஜிப்பை இழுத்ததும் அந்தச் சத்தம் கேட்டது. தெர்மோகோல் மூடியைப் பெட்டிக்குள் உரசி இறக்கும்போது பல் கூசுகிற மாதிரி ஒரு கீச்சு வருமே, அது அவள் நெஞ்சுக்குள்ளிருந்து வந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் ஒன்று. நீலப் பம்பை எடுத்து வாயில் வைத்து அமுக்கினான். பம்பை மாட்டி மருந்தை இழுக்கிற குழல் வீட்டில் இருந்தது. குழல் இல்லாமல் அவளுக்கு இழுக்கத் தெரியாது, இழுக்க அப்போது மூச்சும் இல்லை. மருந்து நாக்கின் மேல் பட்டு உதட்டோரம் வழிந்தது. இன்னொன்று. இன்னொன்று. மீன் கூடையோடு நின்ற ஒரு பெண், அப்பனா இவன் என்று கேட்டது அவன் காதில் விழுந்தது.

பெனிட்டோ வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். சந்தையில் இறக்கியதுபோக மிச்சமிருந்த ஐஸ் பின்னால் உருகி ஒழுக, கொட்டாரம் ரோட்டில் ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டு போனான். தாணு மடியில் பிள்ளையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டான். படுக்க வைத்தால் திமிறினாள். அவள் கண் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. அழவில்லை. அழுவதற்கும் மூச்சு வேண்டுமே. என்னவாவது சொல்லணும் என்று அவன் வாயைத் திறந்தான். இருபது வருஷமாகச் சந்தையையே சிரிக்க வைத்த வாய் அது, காற்றுகூட வரவில்லை.

பாதி வழியில் கீச்சு நின்றது.

“சத்தம் கொறஞ்சிட்டு,” என்றான் பெனிட்டோ. “மருந்து கேட்டுட்டு போல. மாதாவே, நல்லதாப் போச்சு.”

தாணுவுக்கும் ஒரு நொடி அப்படித்தான் பட்டது. பிறகு அவள் கழுத்தைப் பார்த்தான். தொண்டைக்குக் கீழே உள்ள குழி உள்ளே போய் உள்ளே போய் வந்தது. விலா எலும்பு ஒவ்வொன்றாக எண்ணலாம். நெஞ்சு ஏறுகிறது, சத்தம் இல்லை. உள்ளே போக ஒன்றும் இல்லாததால் வந்த அமைதி அது என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, கையில் பிடித்திருந்த உடம்பு சொன்னது. உதடு வாடாமல்லி நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது.

“பெனிட்டோ,” என்றான். “ஏலே, பெனிட்டோ.”

அவன் திரும்பிப் பார்க்காமல் ஓட்டினான். தாணுவின் தலைக்குள் ஒரே ஒரு வாக்கியம் ஓடிக்கொண்டிருந்தது. ஒண்ணும் மூச்சு விடல, பாத்துக்க. ஒண்ணும் மூச்சு விடல.

கொட்டாரத்தில் ரோட்டோரம் ஒரு சின்ன ஆசுபத்திரி. டாக்டர் ரெஜிஷா என்று ஒரு இளவயதுப் பெண். பிள்ளையை அவன் கையிலிருந்து பிடுங்கின மாதிரி வாங்கினாள். ஆக்சிஜன், மருந்துப் புகை விடுகிற மெஷின், கையில் ஊசி. விரலில் மாட்டிய சின்னப் பெட்டி எண்பத்தாறு என்று சிவப்பில் காட்டியது. அது நூறுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று சபிதா ஒரு காலத்தில் சொன்னது தாணுவுக்கு நினைவு வந்தது. அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றான். எண்பத்தாறு. எண்பத்தைந்து. நர்ஸ் அவனை வெளியே போகச் சொன்னாள். போனான், கதவு இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றான். எண்பத்தொன்பது. தாணுமாலையா, என் சாமி. தொண்ணூறு. தொண்ணூற்றொன்றில் கொஞ்ச நேரம் நின்றது. அந்தக் கொஞ்ச நேரத்தில் அவன் செய்யாத சத்தியம் இல்லை. தொண்ணூற்றுமூன்று ஆனபோது கீச்சு மறுபடி கேட்க ஆரம்பித்தது. டாக்டர் முகம் தளர்ந்ததைப் பார்த்துத்தான், சத்தம் திரும்பி வந்தது நல்லது என்று தெரிந்தது.

பிறகு டாக்டர் அவனைக் கூப்பிட்டு எல்லாம் கேட்டாள். அவன் ஒன்றையும் மறைக்கவில்லை. மொட்டு ஆற்றுவது, நாலு படி, நகைக்கடை, நின்றுபோன தவிட்டுப் பம்பு. நகைக்கடை வந்தபோது பக்கத்தில் நின்ற நர்ஸுக்குச் சிரிப்பு முட்டியது. டாக்டருக்கு முட்டவில்லை.

“பம்பை எப்போ நிறுத்தினீங்க?”

“நின்னு ரெண்டு வாரமாவுது.”

“பிள்ளையை விழத்தட்டினது ஐஸ் மட்டும் இல்ல. அந்த ரெண்டு வாரமும்தான்.”

மற்றதை அவள் நிதானமாகவே சொன்னாள். குளிர் காற்றும் வறண்ட காற்றும் சில நெஞ்சைச் சுருக்கும், அது நிஜம். அங்கே வெளியே போகும்போது மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு போகணும், அடைத்த வீட்டுச் சுவரில் ஈரத்தால் பூசணம் பூத்தாலும் இளைப்பு வரும், அதையும் பார்க்கணும். சிலருக்கு அந்த நாட்டில் குறையும், சிலருக்குக் கூடும். ஆனால் நெஞ்சு குளிருக்குப் பழகிக்கொள்ளாது, பழக்க முடியாது. தினமும் அடிக்கிற மருந்துதான் அதற்குக் கவசம். ஒரு மாதம் விடாமல் அடிக்கட்டும், நான் பார்த்துவிட்டு எழுதித் தருகிறேன், பிறகு போகலாம் என்றாள்.

“அப்போ புரட்டாசி ஆயிரும் டாக்டரே. அங்க இன்னும் குளிரும்.”

“குளிரட்டும்,” என்றாள் அவள். “நீங்க அதைப் பிடிச்சு நிறுத்தப் போறீங்களா?”

அவன் உள்ளே போனான். அஞ்சலி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகமூடிக்குள் மருந்துப் புகை வெள்ளையாகச் சுழன்றுகொண்டிருந்தது. பூட்ஸ் இரண்டும் கட்டிலுக்குக் கீழே ஜோடியாக நின்றன. அவன் ஸ்டூலில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டான். சில்லென்று இருந்தது.

“செருப்பு வாரு,” என்றான். “எப்ப முதக்கொண்டு மக்களே?”

அவள் இரண்டு விரலைக் காட்டினாள். இரண்டாம் படி. பிறகு முகமூடியைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

“இழுக்குன்னு சொன்னா, நீங்க பெயில்னு போடுவீங்க. பொறவு அம்மாட்ட போவ முடியாதுல்லா.”

தாணு காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

“நான் பெயிலா அப்பா?”

கேட்டுவிட்டு அவள் முகமூடியைத் தானே சரியாகப் பொருத்திக்கொண்டு காத்திருந்தாள். மூன்று வாரமாக அவன் போடுகிற மார்க்குக்குப் பயந்து, தன் மூச்சைக் கையால் பொத்தி வைத்திருந்த பிள்ளை. மொட்டுக்காவது கருகினால் நிறம் மாறும். பார்க்கிறவனுக்குத் தெரியும்.

“பள்ளிக்கூடத்துல கேள்வியே தப்பாப் போட்டா என்ன செய்வாவ?” என்றான்.

அவள் யோசித்தாள். “எல்லாருக்கும் முழு மார்க்கு.”

“அதுதான். கொஸ்டின் பேப்பர் போட்ட ஆளு மடையன். உனக்கு நாலு படிக்கும் முழு மார்க்கு.”

“உங்களுக்கு?”

“எனக்கு உங்க அம்மா போடுவா.”

பகல் பன்னிரண்டு மணி. அங்கே காலை ஏழரை. ராத்திரி டியூட்டி முடிந்து சபிதா பஸ்ஸில் வீட்டுக்குப் போகிற நேரம். அவன் கட்டிலைவிட்டு நகரவில்லை. அங்கேயே நின்று கூப்பிட்டான். அவள் எடுத்ததும், என்ன இந்த நேரத்தில், பூவெல்லாம் ஏற்றியாச்சா என்று கேட்டாள். தமாஷுக்கு இடம் கொடுத்து அவள் காத்திருப்பது அவனுக்குத் தெரிந்தது.

அவன் சொன்னான். முதலிலிருந்து, வரிசையாக, ஒன்றைக்கூட விடாமல். தெர்மோகோல் மூடியில் வரைந்திருந்த பொம்பிளையைக்கூட விடவில்லை. பஸ்ஸின் இரைச்சல் மட்டும் கேட்டது. அவன் முடித்ததும் அவள் நர்ஸாகத்தான் முதலில் கேட்டாள். இப்ப சாச்சுரேஷன் எவ்வளவு, என்ன ஊசி, எத்தனை தடவை புகை வைத்தார்கள், உதட்டு நிறம் எப்படி இருக்கிறது. அவன் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொன்னான். தொண்ணூற்றைந்து என்றபோது நர்ஸ் கேள்விகள் தீர்ந்துபோயின.

“சபிதா?”

“பயமா இருக்குன்னு எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நீ சிரிப்பேன்னு நெனச்சேன்,” என்றான். பிறகு, “சிரிச்சிருந்தா நல்லாருந்திருக்கும்,” என்றான்.

அவள் அழுகிறாளா என்று தெரியவில்லை. யாரோ இறங்கியிருக்க வேண்டும், பஸ் கதவு திறந்து மூடியது. டிக்கெட்டை ஒரு மாதம் தள்ளிப் போடு என்றாள். தவிட்டுப் பம்பு அடிக்கும்போது தினமும் வீடியோவில் நான் பார்க்கணும், வாயில் வைப்பதையும் பார்க்கணும், குழலையும் பார்க்கணும், உன்னையும் நம்பமாட்டேன், அவளையும் நம்பமாட்டேன் என்றாள். செல்லத்தாய் அக்காவிடம் நானே பேசிக்கொள்கிறேன் என்றாள். எல்லாவற்றுக்கும் அவன் சரி என்றான்.

“பிள்ளை மூஞ்சிய காட்டணுமா? வீடியோ போடட்டா?”

“வேண்டாம். இப்ப பாத்தா நான் இங்கின தாங்க மாட்டேன்.” கொஞ்சம் நின்று சொன்னாள்: “போனை அவ மூக்குப் பக்கத்துல கொண்டு வை. பேசச் சொல்லாண்டாம். சும்மா மூச்சு விட்டாப் போதும்.”

டாக்டரிடம் கேட்டு, முகமூடியைக் கொஞ்ச நேரம் எடுத்தார்கள். தாணு போனை அவள் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தான். அஞ்சலி அவனைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். யார் என்று புரிந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு மூச்சு விட ஆரம்பித்தாள். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. உள்ளே போகும்போது கடைசியில் ஒரு சின்னக் கீச்சு. வெளியே வரும்போது இன்னொன்று. வெளியே ரோட்டில் பெனிட்டோவின் வண்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் ஓடையாக ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் ஒரு ஈரமான ஊரில், ஒரு பஸ்ஸில், ஒருத்தி போனைக் காதோடு அழுத்தி, தன் பிள்ளையின் நெஞ்சுக்குள் நடப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தன் மூச்சுச் சத்தம் அதோடு கலந்து அவளைக் குழப்பிவிடக் கூடாது என்று தாணு தன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். எவ்வளவு நேரம் என்று சபிதா சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. போனைப் பிடித்தபடி, நெஞ்சு முட்ட முட்ட, அப்படியே நின்றான்.